உன் பாட்டை இரண்டு பேர் வாசித்தார்கள்

அன்பு மகனுக்கு,

"நன்றாக இருந்ததா, அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தில் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. கிணற்றடி மாதுளை பூத்துக் கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை. உன் தங்கை ஏரலிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாமியாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. இவற்றை எழுதிவிட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேற்று முன்தினம் மாலையிலிருந்து பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்காது என்று தோன்றியதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னையில் உன் சிநேகிதர்கள் சிரித்தார்கள் என்றும், பத்திரிகைக்காரர் "இதில் பாட்டு எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் என்றும் எழுதியிருந்தாய். நம் ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டு என்ன சொல்கிறார்களோ அதுவே முடிவு. நன்றாக இல்லை என்றால் இந்த எழுத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ரங்கூன் வேலையை ஒப்புக்கொண்டு ஆடி மாதக் கப்பலில் ஏறிவிடுவேன், நன்றாக இருந்தால் இங்கேயே இருந்து எழுதுவேன் என்றாய். உன் சிநேகிதன் ஞானமுத்துவுக்கும் எழுதி, வாசகசாலை ஆண்டு விழாவில் பெயர் சொல்லாமல் பாட்டை வாசிக்கவைக்கச் சொன்னாய். என்னைப் போய்க் கேட்டுவரச் சொன்னாய். முகத்துக்காகப் பேசாதவள் நான் ஒருத்திதான் என்பது உன் காரணம். பாராட்டு என்று நினைத்து எழுதியிருப்பாய். ஆனால் ஒன்றை நீ யோசிக்கவில்லை. நன்றாக இருந்தது என்று நான் ஒரு வரி எழுதினால் நீ கப்பல் ஏறமாட்டாய். எந்தத் தாய்க்கு இதைவிட மலிவாகப் பிள்ளை கிடைப்பான்? நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதுவதை அதைக் கழித்துக்கொண்டு படி.

கேட்பவர்களின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. நான் சென்னையில் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் மூன்று பெண்கள். முன் பெஞ்சில் சுவரோரமாக உட்காரவைத்திருந்தார்கள். ஆங்கிலம் நடத்தியவர் வயதான துரை. ஒரு நாள் மத்தியானம், இறந்துபோன சிநேகிதனை நினைத்து ஒருவர் எழுதிய நீண்ட பாட்டை உரக்க வாசித்தார். எனக்கு அன்று கடைவாய்ப் பல் வலி. தாங்கமுடியாமல் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துரை வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மிகவும் பைய மிச்சத்தை வாசித்தார். அன்றிலிருந்து அந்த வருஷம் முடியும்வரை எங்கே கவிதை வந்தாலும் என் பக்கம் திரும்பித்தான் வாசிப்பார். பல்லைப் பிடுங்கிய பிறகு எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும். நல்ல மனிதர்.

நம் வீட்டு மாலை ஜெபத்தை எடுத்துக்கொள். அப்பா வேதப் புத்தகத்தை விளக்கடியில் விரித்து வாசிப்பார். வம்ச வரலாறு வரும் இடங்களில் வெறும் பெயர்களாக ஒரு பக்கம் முழுக்க ஓடும். தங்கைக்கு அப்போது மூன்று வயது; ஒவ்வொரு பெயருக்கும் கலகலவென்று சிரிப்பாள். நீ வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். என் பக்தியைப் பார்த்து உன் அத்தை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டிய கணக்கை நான் மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஒரு விளக்கு, ஒரு குரல், ஒரே வார்த்தைகள். நாலு பேர் நாலு இடத்தில் இருந்தோம். அந்த நேரத்தை இப்போது நினைத்தால், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல எல்லாம் மஞ்சளாக, பையப் பைய அசைகிறது. அப்பாவின் குரல் கேட்கிறது. என்ன வாசித்தார் என்று ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

சரி, நேற்று முன்தினத்துக்கு வருகிறேன். வண்ணார்பேட்டையில் ஆற்றைப் பார்த்த அந்த மண்டபம் உனக்குத் தெரியும். நாலைந்து நாளாக இங்கே சாரல். மழை என்று சொல்ல முடியாது. மேற்கே மலையில் பெய்வதில் மிஞ்சியது காற்றோடு இங்கே வந்து முகத்தில் படுகிறது. எதிர்க்கரை மருதமரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியாமல் ஒரு வெண்மை. ஆறு தளும்பிக்கொண்டிருந்தது. ஆண்கள் நாற்காலியிலும் பெஞ்சிலும், பெண்கள் இடது பக்கம் ஜமுக்காளத்தில். நானும் அடுத்த வீட்டு எஸ்தரும் தூணோரம் உட்கார்ந்தோம். அப்பா வருவதாகவே இல்லை. கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலுக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் வெளியே போகத் தோதாக நின்றுகொண்டே இருந்தார்.

ஞானமுத்து செய்திருந்த புதுமை என்ன தெரியுமா? திருநெல்வேலியில் கொட்டகை போட்டிருக்கும் நாடகக் கம்பெனியிலிருந்து இரண்டு நடிகர்களைப் பாட்டு வாசிக்க அழைத்திருந்தான். வாசகசாலை மேடையில் கூத்தாடிகளா என்று பாதிப் பேருக்கு வருத்தம். மீதிப் பாதி அதற்காகவே வந்திருந்தது. ஒருவர் ராஜபார்ட்டுக்காரர், ராஜா வேஷம் கட்டுகிறவர், நல்ல உயரம், குரல் ஆற்றைத் தாண்டும். இன்னொருவர் ஸ்திரீபார்ட், பெண் வேஷம் போடுகிறவர்; மெலிந்த ஆள், முடியைக் கொண்டை போட்டிருந்தார், மூக்கில் துளை. வேஷமில்லாமல் இருவரும் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஹார்மோனியக்காரரும் கூட வந்திருந்தார். அவர் இல்லாமல் இவர்கள் எங்கும் போவதில்லையாம்.

பழைய செய்யுள்கள் நாலைந்து ராகத்தோடு ஆனபிறகு உன் காகிதத்தை ஞானமுத்து ராஜபார்ட்டின் கையில் கொடுத்தான். "இது ஒரு புதுவிதமான பாட்டு" என்று மட்டும் சொன்னான். அவர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ராகம் தாளம் ஏதாவது குறித்திருக்கிறதா என்று தேடினார் போலும். பிறகு ஹார்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். நான் தப்பாகக் கேட்டேனா என்று நீ சரிபார்த்துக்கொள்ளலாம்.

வண்டி போய்விட்டது.
அசைத்த கை இன்னும் மேலேயே இருக்கிறது.
இறங்கு என்று அதற்கு யார் சொல்வது?
தண்டவாளம் கொஞ்ச நேரம் நடுங்குகிறது,
பிறகு நிறுத்திக்கொள்கிறது.
சுண்டல்காரன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டான்.
நான் நின்ற இடத்தில் நான் இருக்கிறேன்.
போனது இந்த ஊர்தான்.

ராஜபார்ட் இதை முகாரியில் எடுத்தார். "வண்டீ..." என்று தொடங்கி "போய்" என்பதற்கு வந்து சேர்வதற்குள் ஹார்மோனியம் இரண்டு தரம் சுற்றிவந்துவிட்டது. அசைத்த கை என்றதும் வலது கையை உயரத் தூக்கினார். நடிகர் அல்லவா, இறக்கவில்லை. அப்படியே தூக்கினபடி சுண்டல்காரன்வரை வந்துவிட்டார். எனக்குப் பின்னால் ஆண்கள் பக்கத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னவே இது, பல்லவியவே காணும்?"

"பைய இரும்வே. இனிமேத்தான் வரும்."

வரவில்லை. நாட்டைப் பறிகொடுத்த ராஜாவைப் போல மார்பில் அறைந்துகொண்டு, "போனது இந்த ஊர்தான்" என்று அவர் முடித்ததும் கூட்டம் அடுத்த வரிக்காகக் காத்திருந்தது. அவர் தலைவணங்கிய பிறகுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. சன்னலோரம் இருந்த ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஊரு எங்கவே போச்சு? இங்கனதான கெடக்கு!"

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் அரிசிமண்டி அண்ணாச்சி ஒருவர் சிரிக்காமல், நிஜமான அக்கறையோடு பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "வண்டி போயிட்டுன்னா போவட்டுமே. நாளைக்குக் காலைல வேற வண்டி உண்டுல்லா? இதுக்குப் போயி இந்த மனுசன் நெஞ்சுல அடிச்சிக்கிடுதான?" தமிழ்ப் பண்டிதர் தொடக்கத்திலிருந்தே விரலை மடக்கிச் சீரை எண்ணிக்கொண்டிருந்தார், எண்ணிக்கை எங்கேயும் சேரவில்லை. "தண்ணி கொதிக்கி, அரிசியக் காணும்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. அதற்கும் சிரித்தார்கள். இதை நான் மறைக்கவில்லை. உன் பாட்டைக் கேட்டு நம் ஊர் சிரித்தது. மேடையோரம் நின்ற ஞானமுத்துவைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போதுதான் பின்பெஞ்சிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையன் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினான். நீ நாடகம் பார்த்திருக்கிறாய், எனக்குத் தெரியாமல் பார்த்ததும் எனக்குத் தெரியும். கொட்டகையில் ஒன்ஸ் மோர் கேட்டுவிட்டால் மறுபேச்சு கிடையாது. செத்துக் கிடக்கிற ராஜா எழுந்து, அந்தப் பாட்டை மறுபடி பாடிவிட்டு, மறுபடி சாவார். ஆனால் இது கேலி என்பது அங்கே சுவருக்கும் தெரியும். ராஜபார்ட்டுக்குத் தெரிந்துவிட்டது, கழுத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஸ்திரீபார்ட்டுக்காரருக்கு வேறு ஏதோ பாட்டு வாசிக்கக் கொடுத்திருந்தது. அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஒன்ஸ் மோர்னு கேட்டுட்டாகல்லா" என்று ஹார்மோனியக்காரரிடம் சொன்னார், ஏதோ அவரிடம் அனுமதி கேட்பது போல. ராஜபார்ட்டின் கையிலிருந்து உன் காகிதத்தை வாங்கிக்கொண்டார். ஹார்மோனியம் சுருதி கொடுத்தது. அவர் குனிந்து துருத்தியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அது ஒரு பெருமூச்சோடு நின்றது. பிறகு வாசித்தார். மேடையில் அவர் பேசும் பெண்குரலில் வாசிக்கவில்லை. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த ஆண் குரல், வார்த்தையைத் தேடித் தேடிச் சொல்வது போல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு சங்கதி சொல்லுகிறவர் அப்படித்தான் சொல்வார். கையைத் தூக்கவில்லை; காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "கொஞ்ச நேரம் நடுங்குகிறது" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் ஓட்டின் மேல் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பாலத்தின் மேல் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். போகவில்லை. மாலை வண்டி வெகுநேரத்துக்கு முன்பே போய்விட்டது.

அவர் முடித்ததும் கை தட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. இது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பண்டிதர் விரல் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்திருந்தார்; கண் மூடியிருந்தது. கேட்டாரா, தூங்கினாரா? கண்ணை மூடிக்கொண்டு நான் செய்ததை மேலே எழுதியிருக்கிறேன், நீயே முடிவு செய்துகொள். ஆனால் வெளியே வரும்போது அவர் ஞானமுத்துவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இரண்டாவது ஆள் வசனத்தை வசனமா வாசிச்சான், அது சரியா இருந்தது. அதைப் பாட்டுன்னு மட்டும் சொல்லாதேயும், ஒமக்குப் புண்ணியமாப் போவும்." அரிசிமண்டி அண்ணாச்சி பக்கத்திலிருந்தவரிடம், "இந்த ஆளு சொன்னா நம்பலாம் போல இருக்குவே. நெசமாவே வண்டியத் தவறவிட்டிருக்கான்" என்றார்.

எஸ்தர் அழுதாள். அவளுடைய மூத்தவன் கொழும்பில் இருப்பது உனக்குத் தெரியும். என் பல்வலிக் கதையை நினைத்துக்கொண்டு நான் அவளைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். ஆனால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் திரும்பியபோது அந்த முகத்தில் இருந்தது கோபம்.

"இதுக்குப் பேரு பாட்டா டீச்சரக்கா? எவனோ எங்க வீட்டுக்குள்ள பூந்து பாத்துட்டு வந்து எழுதியிருக்கான். அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சுது, நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

"என்ன கேட்பாய்?" என்றேன்.

"ஊருல வேற சோலி இல்லியான்னு கேப்பேன். நாம்பாட்டுக்கு மறந்துக்கிட்டு இருக்கேன், அதப் போயி இத்தன பேரு முன்னால..." செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். அவன் யார் என்று நான் சொல்லவில்லை. நேற்றுக் காலை அவள் எனக்குத் தோசைமாவு கொடுத்தனுப்பினாள், அப்போதும் சொல்லவில்லை.

ஞானமுத்து அந்த நடிகரை வாசலில் பிடித்துக்கொண்டு, "அது கேலிக்குக் கேட்டதுன்னு ஒமக்குத் தெரியலியா அண்ணே?" என்று கேட்டான். அவர் கொண்டையை அவிழ்த்து ஈரத்தை உதறிக்கொண்டிருந்தார். "கேலியோ என்னவோ. கேட்டாக, குடுத்தேன். யாரு எதுக்குக் கேக்காகன்னு பாத்துக்கிட்டு நின்னா எங்க பொழப்பு நடக்குமா தம்பி?" என்றார். பிறகு காப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

அப்பா இரண்டாவது வாசிப்பின் நடுவே வெளியே போய்விட்டார். நான் வரும்போது படித்துறைப் பக்கம் குடையை விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றார். பாளையங்கோட்டைவரை நடந்தே வந்தோம். வயல்களில் நாற்று நட்ட தண்ணீர் வானத்தைப் போலவே வெளுத்திருந்தது. வழி எது, வயல் எது என்று தெரியாமல் இருட்டிக்கொண்டு வந்தது. பாதி தூரம் வந்தோம். பிறகு, "இங்கேரு, பயலுக்குத் தமிழ் வரல" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு, "அந்தச் சுண்டக்காரனுக்கு ஒரு காலு நொண்டி. அத ஏன் எழுதாம விட்டான்?" என்றார். அப்படி ஒருவன் நம் ஸ்டேஷனில் உண்டா என்று கேட்டேன். "என்ன இப்படிக் கேக்க? நம்ம பயல மொத மொத மெட்ராசுக்கு அனுப்பப் போனமே, அன்னைக்கு அங்கனதான நின்னான். கூடையத் தூக்கிவிட நான்தான கை குடுத்தேன்" என்றார். உன் பாட்டில் அப்பா கேட்டது அது ஒன்றைத்தான். கோபமாகக் கேட்டாரா, வேறு எப்படியோ என்று இருட்டில் தெரியவில்லை.

இனி என் முறை. நான் என்ன நினைத்தேன் என்று நீ கேட்பாய். முதல்முறை வாசித்தபோது சிரித்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை வாசித்தபோது எஸ்தரைப் பார்த்தேன், பண்டிதரைப் பார்த்தேன், வாசலில் அப்பாவின் குடை நகர்வதைப் பார்த்தேன். உனக்காகக் கேட்டுவரப் போனவள் ஒரு வரியையும் கேட்கவில்லை. வார்த்தைகள் மனப்பாடமாகிவிட்டன, அவ்வளவுதான். வேடிக்கை பார்க்கிறவள் என்று என்னைப் பற்றி உன் அத்தை ஒரு தரம் சொன்னாள். அப்போது கோபம் வந்தது. நீ தவறான ஆளை அனுப்பிவிட்டாய்.

ஆனாலும் வயதில் மூத்தவள், ஒன்றிரண்டு சொல்கிறேன். ஒரே காகிதம், ஒரே கூட்டம், நடுவே ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஒருவர் வாசித்தபோது சிரித்தவர்கள் இன்னொருவர் வாசித்தபோது வாய் மூடியிருந்தார்கள். இதில் எதை உன் கணக்கில் எழுதுவாய்? சிரிப்பு ராஜபார்ட்டுக்கு என்றால் அமைதி ஸ்திரீபார்ட்டுக்கு. நீ இரண்டிலும் இல்லை. அல்லது இரண்டிலும் இருக்கிறாய். அழுதவள் உன்னைத் திட்டினாள். பாட்டே இல்லை என்றவர் சரியாக இருந்தது என்றார். தமிழ் வரவில்லை என்ற உன் அப்பா ஒருவர்தான் அந்த ஸ்டேஷனுக்குள் போய் நின்றார். இவர்களுக்குள் ஓட்டு எடுத்து ஒருவன் கப்பல் ஏறுவதோ ஏறாமல் இருப்பதோ எனக்குச் சரியாகப் படவில்லை. ரங்கூன் வேலை நல்ல வேலை என்றால் அது நல்ல வேலை என்பதற்காகப் போ. எழுத வேண்டும் என்றால், கேட்பவர்கள் சிரித்த பிறகும் எழுத வேண்டியிருக்கிறதா என்று பார். இரண்டையும் ஒரு முடிச்சாகப் போட்டு அதன் நுனியை என் கையில் கொடுத்திருக்கிறாய். நான் இழுத்தால் எந்தப் பக்கம் இழுப்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால் இழுக்கவில்லை.

கடிதத்தை இந்த இடத்தில் முடித்துத் தபாலில் போட்டிருக்க வேண்டும். நேற்று நடந்ததையும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்கு முன் என் வகுப்பிலிருந்து ஒரே கூச்சல். வாசலில் நின்று பார்த்தேன். நேற்று முன்தினம் மண்டபத்துக்கு வந்திருந்த என் வகுப்புப் பெண் ஒருத்தி மேசைக்கு முன்னால் நின்று, வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு "வண்டீ..." என்று முகாரி பாடிக்கொண்டிருந்தாள். பெஞ்சிலிருந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அச்சாக அந்த ராஜபார்ட்தான். எனக்கே சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்து இடத்துக்கு ஓடினாள். திட்டப்போகிறேன் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் அதற்காகத்தான் உள்ளே போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அது அப்படி இல்லை" என்றேன். பிறகு உன் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். காகிதம் வேண்டியிருக்கவில்லை. குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பார்ப்பதற்கு அங்கே யார் முகமும் இல்லை. நாற்பது பிள்ளைகளும் குனிந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே சாரல் நின்று வெயில் வந்திருந்தது.

முடித்த பிறகு, முகாரி பாடிய அதே பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். சந்தேகம் கேட்க.

"ஊரு எப்படி டீச்சர் போவும்? அது அங்கனயேதான இருக்கும்?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வருஷக்கணக்காக நடத்துகிற பாடம்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்துவது எப்படி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அது வரவில்லை.

"ஊர் போகாது" என்றேன். "போனது என் மகன்."

நீ சென்னையில்தான் இருக்கிறாய். கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. போவதாக நீ முடிவும் செய்யவில்லை, நான் சரி என்றும் சொல்லவில்லை.

"எங்க டீச்சர்?" என்று கேட்டாள் அவள்.

"ரங்கூனுக்கு" என்றேன்.

பிறகு கணக்குச் சிலேட்டை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள்.